ஒளி வீசாத லாந்தர்: ஒரு போர் விமானம் இரவுக்கு மாறிய வரலாறு

(விவசாயப் பெருமக்களும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஐக்கிய அமெரிக்கக் கடற்படையிடம் இருந்த ஒரு ஜெற் போர் விமானத்தைப் பற்றியது. வானத்திலே பகை விமானங்களை மறித்துச் சுட்டு வீழ்த்துவதற்கென்றே ஆக்கப்பட்ட அவ்விமானம், தன் முதுமைப் பருவத்திலே, நள்ளிரவில் நிலத்திலுள்ள இலக்குகளின்மீது குண்டு போடும் விமானமாக எவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது என்பதே நமது பேச்சு.

“மண்வெட்டி பிடிப்போருக்கும் பேனா பிடிப்போருக்கும் இதனால் ஆவது யாது?” என்று சிலர் வினவக் கூடும். நியாயமான வினாவே. அதற்கு நாம் இரண்டு விடைகள் கூறுவோம். ஒன்று, பழைய கருவியைப் புதிய தேவைக்கு இசைவாக்கிக் கொள்வது நம் வாழ்க்கையோடு ஒட்டிய கலை. துலா மிதித்து நீரிறைத்த அதே கிணற்றிலே பின்னர் இயந்திரம் வைத்து இறைத்தவர்கள் நாம். மற்றொன்று, “எக்காலநிலையிலும் தாக்கவல்லது”, “குறி தவறாதது” என்ற சொற்கள் இன்று பத்திரிகைகளில் நாள்தோறும் வருகின்றன. அச்சொற்களின் உண்மைப் பொருளை விமானத்தில் இருப்பவன் அறிந்தால் மட்டும் போதாது. விமானத்துக்குக் கீழே இருப்பவனும் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் கடலில் ஓர் இரவுத் திட்டம்

கப்பலிலிருந்து எழும் விமானம் நமக்குப் புதியதன்று. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பும், 9-ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானியக் கடற்படை வந்தது. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் பிரித்தானியரின் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மூழ்கடிக்கப்பட்டது. மூழ்கியபோது அதன் தளத்திலே ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. அதன் சிதைவு இன்றும் நம் கடலடியிலே கிடக்கிறது.

அத்தாக்குதல்கள் பகலில் நிகழ்ந்தவை. ஆனால் அந்த நாட்களில் வேறொரு திட்டமும் இருந்தது என்பதைப் பலர் அறியார். பிரித்தானியக் கீழைக் கடற்படையின் தளபதி சோமவில், பகலிலே ஜப்பானியரை எதிர்த்தால் தம் கப்பல்கள் அழிவது திண்ணம் என்று கண்டார். ஆகவே பகலில் விலகி நின்று, இரவிலே நெருங்கி, றேடார் பூட்டிய ‘அல்பகோர்’ விமானங்களைக் கொண்டு தாக்குவது என்று திட்டமிட்டார். அவை இரட்டையடுக்குச் சிறகு கொண்ட, மெதுவாகப் பறக்கும் விமானங்கள். பகலில் அவை ஜப்பானியப் போர் விமானங்களுக்கு இரை. இரவிலோ இருளே அவற்றுக்குக் கவசம். இரு கடற்படைகளும் சந்திக்கவில்லை, திட்டமும் நிறைவேறவில்லை. எனினும், வலியோனை எதிர்க்க இரவைத் துணைக்கழைக்கும் எண்ணம் நம் தீவைச் சூழ்ந்த கடலிலேயே ஒருமுறை உருப்பெற்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இரவு வேறு, முகில் வேறு

நிற்க. இரவிலே தாக்குவது ஏன் கடினம்? நிலத்திலே ஓடுபாதை அசையாது. கப்பலின் ஓடுதளமோ கடலிலே ஏறி இறங்கி, ஓடிக்கொண்டும் இருப்பது. இறங்கும் விமானம் தன் வாலடியிலுள்ள கொளுக்கியால், தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பற்றவேண்டும். பற்றத் தவறினால் அக்கணமே மறுபடி மேலெழ வேண்டும். இதனைக் காரிருளிலே செய்வது எத்துணைத் துணிவு வேண்டும் செயல் என்பதை விரிக்க வேண்டியதில்லை. அத்தகைய கப்பலிலிருந்து எழுந்து, நூற்றுக்கணக்கான மைல் சென்று, அறியாத நாட்டிலே ஒரு பாலத்தையோ ஒரு களஞ்சியத்தையோ இருட்டிலே கண்டுபிடித்து அடித்துத் திரும்புவதே இரவுத் தாக்குதல்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ‘இரவு’ என்பதும் ‘எக்காலநிலை’ என்பதும் ஒன்றல்ல. இரவு என்பது ஒளியின்மை. முகிலும் மழையும் மூடுபனியுமோ கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே எழும் மதில். ஒளியின்மையை வெல்லும் கருவி, மதிலையும் ஊடுருவும் என்று எண்ணுவது பிழை. விளம்பரம் செய்வோர் இவ்விரண்டையும் ஒரே மூச்சிலே சொல்லிவிடுவர். நாம் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொள்ளப் பிறந்த விமானம் ஒன்று அமெரிக்கக் கடற்படையிடம் இருந்தது. ‘ஏ-6 இன்றூடர்’ என்பது அதன் பெயர். கொரியப் போரின் பட்டறிவிலே எழுந்த தேவைக்கேற்ப ஆக்கப்பட்டு, 1960-இல் முதன்முதல் பறந்து, 1963-இல் சேவைக்கு வந்தது. இருவர் அருகருகே அமர்ந்து செல்வர். அதன் றேடார் நிலத்தின் வடிவத்தைத் திரையிலே காட்டும். றேடார் அலை முகிலைக் கடந்து செல்லவல்லது. ஆகவே வியற்னாமிலே பருவமழை முகில் மூடி, ஏனைய விமானங்கள் தரித்து நின்ற இரவுகளிலும் அது சென்றது. ஆயின், அக்கால றேடார் காட்டிய உருவம் கரடுமுரடானது. ஆறும் கரையும் பாலமும் தெரியும். சிறு வாகனம் எது, குடிசை எது என்று தெரியாது.

கடுவன் பூனையின் பிறப்பு

நமது கதாநாயகனோ வேறு குலம். ‘எப்-14 டொம்கற்’ என்பது பெயர். டொம்கற் என்றால் கடுவன் பூனை. கிரம்மன் நிறுவனம் அதை ஆக்கியது. 1970-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் முதன்முதல் பறந்தது. அம்மாதம் 30-ஆம் நாள், இரண்டாவது பறப்பிலேயே விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் பாய்ந்து உயிர் தப்பினர். 1974-இல் ‘என்றபிறைஸ்’ என்ற கப்பலிலே சேவைக்கு வந்தது.

அதனை ஆக்கியதன் நோக்கம் ஒன்றே. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் தொலைவிலிருந்தே கப்பல்களை நோக்கி ஏவுகணைகளை எறிய வல்லவையாயிருந்தன. அவை எறியுமுன்பே, கப்பலுக்கு வெகு தூரத்திலே அவற்றை மறித்து வீழ்த்தவேண்டும். அதற்காகவே டொம்கற்றின் றேடார் ஒரே வேளையில் 24 விமானங்களைப் பின்தொடரவும், அவற்றுள் ஆறின்மீது ஆறு ‘பீனிக்ஸ்’ ஏவுகணைகளைச் செலுத்தவும் வல்லதாய் அமைந்தது. பீனிக்ஸ் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,000 இறாத்தல் எடை. சிறகுகள் வேகத்துக்கேற்ப விரிந்தும் மடங்கியும் 20 பாகையிலிருந்து 68 பாகை வரை நகர்ந்தன. முன்னே விமானி; பின்னே றேடாரை இயக்கும் அதிகாரி. பின்னே இருக்கும் இம்மனிதரை நினைவில் வைத்திருங்கள். பின்னர் நம் கதை அவரிடமே திரும்பி வரும்.

வானத்திலே இரவும் பகலும் இதன் றேடாருக்கு ஒன்றே. ஆனால் நிலத்தை நோக்கினால் இதற்கு இராக்கண் இல்லை. பூனை இருட்டிலே காணும் என்பர். இந்தப் பூனையோ வானத்தை மட்டும் கண்டது, மண்ணைக் காணவில்லை! குண்டு சுமக்கும் வசதி தொடக்கத்திலேயே வரைபடத்தில் இருந்தும், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதனை எவரும் பயன்படுத்தவில்லை. குண்டு போட இன்றூடர் இருந்தது. இது காவற்காரன் வேலையைச் செய்தது.

வேலையிழந்த காவற்காரன்

1991-ஆம் ஆண்டு இரண்டு திருப்பங்களைக் கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்தது. எந்தக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்பார்த்து டொம்கற் பதினேழு ஆண்டுகள் கப்பலைச் சுற்றிக் காவல் புரிந்ததோ, அவை வரவே இல்லை. அதே ஆண்டு வளைகுடாப் போரிலே, டொம்கற் வானத்தில் வீழ்த்தியது ஒரேயொரு ஹெலிகொப்ரரைத்தான். நிலத்தைத் தாக்கும் விமானங்களுக்கே அங்கு வேலை இருந்தது.

மற்றொரு திருப்பம் இன்றூடருக்கு வந்த முதுமை. அதற்குப் பதிலாக ‘ஏ-12’ என்ற, றேடாருக்குப் புலப்படாத புதிய தாக்குதல் விமானம் ஒன்று பெருஞ்செலவிலே திட்டமிடப்பட்டிருந்தது. செலவு ஏறியது; எடை ஏறியது; காலம் கடந்தது. 1991-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் பாதுகாப்புச் செயலாளர் செனி அதனைக் கைவிட்டார். அதைப் பற்றிய வழக்கு 2014-இல் தான் தீர்ந்தது. விமானம் ஒன்றுதானும் பறக்கவில்லை. வழக்கு மட்டும் 23 ஆண்டுகள் நடந்தது! பெருந்திட்டங்களின் கதி சில வேளைகளில் இப்படித்தான் முடிகிறது.

இன்றூடர் 1997-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சேவையிலிருந்து விலக்கப்பட்டது. நெடுந்தூரம் சென்று இரவிலே தாக்கவல்ல விமானம் கப்பலில் இல்லாத வெற்றிடம் எழுந்தது. புதிய ‘சுப்பர் ஹோர்ணற்’ விமானம் வருவதற்கோ இன்னும் ஆண்டுகள் இருந்தன. இடையிலே வேலையற்ற காவற்காரன் ஒருவன் இருந்தான். அவனுக்கு உடல் வலிமை உண்டு, எரிபொருள் நிறையச் சுமப்பான், வெகுதூரம் செல்வான். கண் ஒன்றுதான் இல்லை. கண்ணைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது.

லாந்தர் வந்த விதம்

முதலில் எளிய குண்டுகளைப் போடப் பழகினார்கள். இரண்டு இயந்திரங்களுக்கும் இடையே வயிற்றுப்புறத்தில், முன்னர் பீனிக்ஸ் ஏவுகணைகள் தொங்கிய இடத்திலே நான்கு குண்டுகள் பூட்டப்பட்டன. 1995-ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5-ஆம் நாள், ‘தியடோர் றூஸ்வெல்ற்’ கப்பலிலிருந்து சென்ற டொம்கற் விமானங்கள் பொஸ்னியாவிலே ஓர் ஆயுதக் களஞ்சியத்தின்மீது குண்டு போட்டன. அவ்விமானம் போரிலே குண்டு போட்டது அதுவே முதன்முறை. ஆயின், இலக்கின்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி வழிகாட்டியது வேறொரு விமானம். கைபிடித்து வழி நடத்தப்படும் குருடனின் நிலைதான் அது.

கண்ணைக் கொடுத்தது ‘லான்ரேண்’ என்னும் கருவி. தாழப் பறக்கையில் இரவிலே வழியையும் இலக்கையும் காண உதவும் சாதனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து வைத்த பெயர் அது. ஒலித்துப் பார்த்தால் நம் வீட்டு முற்றத்தில் தொங்கிய லாந்தர் என்றே காதில் விழும். ஆகவே நாமும் லாந்தர் என்றே அழைப்போம். மார்ட்டின் மரியெற்றா நிறுவனம் அதை அமெரிக்க வான்படைக்காக ஆக்கியது. 1991-இன் வளைகுடாப் போரிலே வான்படையின் ‘எப்-15’ விமானங்கள் அதனைக் கொண்டு இரவிலே தாக்கின. மூலக் கருவியிலே இரண்டு கூடுகள் உண்டு: ஒன்று வழி காண்பது, மற்றொன்று இலக்குக் காண்பது. டொம்கற்றுக்கு இலக்குக் காணும் கூட்டை மட்டுமே எடுத்தார்கள். சுமார் எட்டு அடி நீளம், 530 இறாத்தல் எடை. அதனை வலப்புறச் சிறகின் அடியிலே பூட்டினார்கள்.

சொல்வது எளிது. இடையிலே ஒரு பெருந்தடை இருந்தது. டொம்கற்றின் கணனி 1960-களின் இறுதியிலே எழுந்தது. அதன் நரம்புகள் பழையவை. புதிய கருவியின் மொழி அவற்றுக்கு விளங்காது. நரம்புகள் அனைத்தையும் பிடுங்கிப் புதிதாக இடுவதானால் பெருஞ்செலவு, பணமோ இல்லை. இங்கேதான் பொறியியலாளரின் புத்திக்கூர்மை வெளிப்பட்டது. விமானத்தின் மூளையை மாற்றுவதை விடுத்து, கூட்டுக்குள்ளேயே ஒரு மூளையை வைத்தார்கள். தான் எங்கே இருக்கிறது என்பதைச் செய்மதியின் துணையாலும் தன்னுள்ளே சுழலும் கருவியின் துணையாலும் அக்கூடு தானே அறிந்தது. குண்டு எந்தக் கணத்திலே விடப்படவேண்டும் என்பதையும் தானே கணித்தது. விமானத்திடம் அது கேட்டவை வெகு சில: மின்சாரமும், தொங்க ஓர் இடமும், படங்காட்ட ஒரு திரையும் என்று சுருங்கச் சொல்லலாம்.

கப்பல் வாழ்க்கைக்கு அக்கூட்டை இசைவாக்கவும் வேண்டியிருந்தது. வான்படை விமானம் நீண்ட ஓடுபாதையிலே மெல்ல இறங்கும். கப்பலிலே கவண் எறிவது போல் எறியப்பட்டு எழுந்து, கம்பி இழுக்க மோதி நிற்பதே வழக்கம். கடலின் உப்புக் காற்றும் ஓயாது. இவற்றைத் தாங்காத கண், கண் ஆகாது.

பின்னே இருந்த றேடார் அதிகாரியை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? அவருக்கு ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையும் கைப்பிடியும் கொடுத்தார்கள். வானத்திலே பகை விமானம் தேடிய அதே மனிதர், இப்பொழுது திரையிலே நிலத்தைப் பார்த்து, இலக்கின்மீது குறியை வைத்து, குண்டு விழும் வரை அதனை அங்கேயே பிடித்திருந்தார். ஒருவர் மட்டும் அமரும் விமானத்திலே விமானியே ஓட்டவும் வேண்டும், நோக்கவும் வேண்டும். இங்கே வேலை இருவருக்குப் பகிரப்பட்டது. ஏவுகணைக்காக வைத்த இரண்டாவது ஆசனம், எவரும் எண்ணாத வேறு பயனைத் தந்தது.

விமானிகளுக்கு இரவுக் கண்ணாடியும் வந்தது. நட்சத்திர ஒளியைப் பன்மடங்காக்கிக் காட்டும் கண்ணாடி அது. விமானக் கூண்டினுள் இருந்த பழைய செந்நிற விளக்குகள் அக்கண்ணாடியின் பார்வையை மழுக்கிவிடும். ஆகவே விளக்குகளையும் மாற்றினார்கள். 1995-இன் மார்ச்சிலே 103-ஆம் பிரிவின் விமானம் ஒன்றிலே சோதனை நடந்தது. 1996-இன் ஜூன் மாதத்திலே அதே பிரிவு லாந்தர்களோடு ‘என்றபிறைஸ்’ கப்பலிலே கடலேறியது. சோதனைக்கும் சேவைக்கும் இடையே பதினைந்து மாதங்கள். பெருந்திட்டம் ஆண்டுக் கணக்கிலே செய்யாததை, சிறு திட்டம் மாதக் கணக்கிலே செய்தது.

சூட்டைக் காணும் கண்

லாந்தர் என்றோம், ஆனால் இந்த லாந்தர் ஒளி வீசித் தேடுவதில்லை. பொருள்களிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும் கண் அது. சூடான எப்பொருளும் நம் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. அக்கதிரைப் படமாக்குவதே கருவியின் தொழில்.

விவசாயப் பெருமக்களுக்கு இது எளிதிலே விளங்கும். மாலையிலே வெயில் தாழ்ந்த பின்பு வெறுங்காலோடு நடந்து பாருங்கள். மணல் விரைவிலே குளிர்ந்துவிடும். சீமெந்துத் தரையும் கல்மதிலும் வெகுநேரம் சுட்டுக்கொண்டிருக்கும். பகலிலே நிலத்தைவிடக் குளிர்ந்திருந்த குளத்து நீர், நள்ளிரவிலே நிலத்தைவிடச் சூடாயிருக்கும். ஓடிக் களைத்த உழவு இயந்திரத்தின் தலைப்பகுதி வெகுநேரம் தணலாயிருக்கும். இந்த வேறுபாடுகளே கருவிக்கு உருவமாகத் தெரிகின்றன. இதனால்தான் இருள் அதற்கு இருளாகப் படவில்லை.

ஆனால் நாளிலே இரு பொழுதுகள் உண்டு. காலையிலும் மாலையிலும், சூடேறும் பொருளும் சூடிறங்கும் பொருளும் ஒரே வெப்பநிலையிலே சந்திக்கும் சிறு வேளை அது. அப்பொழுது பொருளும் நிலமும் ஒன்றாய் மங்கிவிடும். விலையேறிய அந்தக் கண்ணும் அவ்வேளையிலே தடுமாறும். இயற்கை தன் பிடியை முற்றாக விட்டுக்கொடுப்பதில்லை.

உருவம் தெரிந்தபின் லேசர் வேலை செய்யும். கூட்டிலிருந்து பாயும் லேசர் ஒளி இலக்கிலே பட்டுத் தெறிக்கும். குண்டின் மூக்கிலுள்ள கருவி அத்தெறிப்பைப் பிடித்துக்கொண்டு, வாலின் சிறு சிறகுகளை அசைத்து, அதனை நோக்கியே விழும். இப்பொழுது பூனைக்கு வழிகாட்ட வேறெவரும் வேண்டியதில்லை. தானே கண்டு, தானே காட்டி, தானே அடிக்கும்.

1998-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் முதல் நான்கு நாட்கள் இராக்கின்மீது நடந்த தாக்குதலிலே, ‘என்றபிறைஸ்’ கப்பலின் டொம்கற் விமானங்கள் இரவிலே லாந்தரைக் கொண்டு தாக்கின. 1999-இல் கொசோவோப் போரிலே, தாம் தாக்கியதோடு நில்லாமல், இலக்கைத் தேடிக் கண்டு ஏனைய விமானங்களுக்கும் காட்டின. நான்கு ஆண்டுகளுக்கு முன் கைபிடித்து நடத்தப்பட்ட குருடன் இப்பொழுது மற்றவர்களுக்கு வழிகாட்டினான். 2001-இன் ஒக்ரோபரிலே அரபிக் கடலிலிருந்து எழுந்து, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் கடந்து அஃப்கானிஸ்தானைத் தாக்கின. இன்றூடர் விட்டுச்சென்ற நெடுந்தூர வேலையைக் கிழட்டுப் பூனை தன் தோளிலே சுமந்தது.

முகில் என்னும் மதில்

இதுவரை வெற்றியின் கதை. இனி, எல்லையின் கதை.

செங்கீழ்க் கதிர் இருளைக் கடக்கும், முகிலைக் கடக்காது. நீர்த்துளிகள் அக்கதிரை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. லேசருக்கும் அதே கதிதான். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இடையே ஒரு முகில் வந்தாற் போதும், இலக்கிலே இருந்த ஒளிப்புள்ளி மறையும், குண்டு வழியிழக்கும். 1999-இன் வசந்த காலத்திலே கொசோவோவின் வானம் பல நாட்கள் முகிலால் மூடியிருந்தது. பல தாக்குதல்கள் கைவிடப்பட்டன. குண்டுகளைச் சுமந்து சென்ற விமானங்கள் சுமந்தவாறே திரும்பின. அப்படித் திரும்புவதும் எளிதன்று. கப்பலிலே இறங்கும் எடைக்கு வரம்பு உண்டு.

ஆக, லாந்தர் இரவை வென்றது; காலநிலையை வெல்லவில்லை. அதனை வென்றது முற்றும் வேறான ஒரு கருத்து. குண்டுக்கு இலக்கைக் காட்டுவதை விடுத்து, இலக்கின் முகவரியைச் சொல்லிவிட்டால் என்ன? அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, உயரம் இது என்று எண்களைக் கொடுத்துவிட்டால், செய்மதிகளின் துணையோடு குண்டு தானே அவ்விடத்தை அடையும். முகிலும் மழையும் புகையும் அதற்குத் தடையல்ல. ‘ஜேடாம்’ என்று அழைக்கப்படும் இக்குண்டு 1999-இல் முதன்முதற் போருக்கு வந்தது. 2003-இன் இராக் போரிலே டொம்கற்றும் அதனைச் சுமந்தது. அக்குண்டைச் சுமந்த பின்புதான் ‘எக்காலநிலையிலும்’ என்ற சொல் அதற்கு உண்மையிலேயே பொருந்தியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாந்தர் கண்டு அடிப்பது. ஜேடாம் காணாமல் அடிப்பது. முகிலை வெல்வதற்காகக் கண்ணையே விட்டுக்கொடுத்தார்கள். கண்ணுக்குப் பதிலாக வந்தது எழுதிக் கொடுத்த முகவரி. முகவரியை எழுதியவன் பிழைவிட்டால்?

மூன்றாவது மதில்

1999-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் இரவு பெல்கிறேட் நகரிலே இதற்கு விடை கிடைத்தது. அமெரிக்க வான்படையின் ‘பி-2’ விமானம் ஒன்று ஐந்து ஜேடாம் குண்டுகளைப் போட்டது. குண்டுகள் சென்றடைய வேண்டிய எண்களையே சென்றடைந்தன, குறியிலே பழுதில்லை. ஆனால் அவ்விடத்திலே இருந்தது சீனத் தூதரகம். யூகோஸ்லாவிய ஆயுதக் கொள்வனவு அலுவலகம் ஒன்றைத் தாக்க நினைத்தவர்கள், வரைபடத்திலே தவறான கட்டடத்தைக் குறித்துவிட்டார்கள். மூன்று சீனப் பத்திரிகையாளர் மாண்டனர். முகவரி தவறாயிருந்தால், குறி தவறாத குண்டைவிடக் கொடியது எதுவுமில்லை.

அதே போரிலே, ஏப்ரல் 14-ஆம் நாள், ஜாகோவிற்சா நகருக்கு அண்மையிலே வீதியிற் சென்ற வாகன வரிசை ஒன்று படைவாகனங்கள் என்று கருதப்பட்டுத் தாக்கப்பட்டது. அது பட்டப்பகல், விமானிகள் தம் கண்ணாலேயே நோக்கினர். உழவு இயந்திரங்களிலே பெண்டு பிள்ளைகளையும் தட்டுமுட்டுகளையும் ஏற்றிச் சென்ற அகதிகளே அவர்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளும் டொம்கற்றின் செயல்கள் அல்ல. ஆயினும் நாம் இங்கே கூறுவதன் காரணம் இதுதான்: முதலாவது மதில் இரவு, அதை லாந்தர் கடந்தது. இரண்டாவது மதில் முகில். அதைச் செய்மதி கடந்தது. மூன்றாவது மதில் மனிதனின் அறியாமை. அதைக் கடக்கும் கருவி எந்தத் தொழிற்சாலையிலும் இன்னும் ஆக்கப்படவில்லை. சூடான உழவு இயந்திரத்தின் உருவத்தைக் கருவி காட்டும். அதன்மேல் இருப்பவன் யார் என்பதை அது சொல்லாது.

இதனை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இத்தீவின் வடக்கிலும் கிழக்கிலும் போர் நடந்த ஆண்டுகளிலே, வளவுக்குள் பதுங்குகுழி வெட்டி, விமானத்தின் இரைச்சல் கேட்டதும் குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடி, விடியும் வரை அங்கிருந்த மக்கள் நாம். கீழேயிருந்து வானத்தைப் பார்த்தவர்கள் நாம். “கருவி மிக நுட்பமானது, ஆகவே பிழை நேராது” என்று எந்த நாட்டினர் சொன்னாலும், நாம் இரண்டு வினாக்களை எழுப்பக் கடமைப்பட்டிருக்கிறோம். கருவி எதைக் காண்கிறது? காணாததை யார் தீர்மானிக்கிறார்கள்?

பூனையின் முடிவு

இனி முடிவுரை. மாற்றியமைத்தாலும் முதுமை முதுமையே. டொம்கற் ஒரு மணி நேரம் பறப்பதற்கு நாற்பது மணிக்கும் மேற்பட்ட பராமரிப்பு உழைப்பை வேண்டியது. 2006-ஆம் ஆண்டு பெப்ரவரி 8-ஆம் நாள் இராக்கிலே அது கடைசிக் குண்டைப் போட்டது. அவ்வாண்டு செப்ரெம்பர் 22-ஆம் நாள் விடைபெறும் விழா நடந்தது. 1979-இன் புரட்சிக்கு முன்னரே ஈரான் 79 டொம்கற் விமானங்களைப் பெற்றிருந்தது. ஆகவே, உதிரிப்பாகங்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாகாது என்று, ஓய்வுபெற்ற விமானங்களுள் பலவற்றை அமெரிக்கர் துண்டு துண்டாக நொறுக்கினர். காவற்காரனாய்ப் பிறந்து, வேலையிழந்து, புதுக் கண் பெற்று, மறுபடி உழைத்த ஒரு யந்திரத்தின் முடிவு அது.

இவ்வரலாற்றிலே நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பெருந்திட்டம் வரும் வரை கைகட்டிக் காத்திராமல், கையிலிருப்பதைத் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வது அறிவுடைமை. கமத்திலும் கந்தோரிலும் அது நமக்குப் பயன்படும். இரண்டாவது, ஒரு கருவியின் புகழைக் கேட்கும்போது அதன் எல்லையையும் சேர்த்தே கேட்கவேண்டும். இயந்திரம் வந்ததென்று மட்டின்றி இறைத்த கிணறுகளிலே உப்பு நீர் ஊறியதைக் கண்ட நமக்கு, எல்லை என்பது இன்னதென்று தெரியும். மூன்றாவது, காணும் சக்தி வளர வளரப் பொறுப்பும் வளரவேண்டும். இருட்டிலே கல்லெறிந்தவன், “தெரியவில்லை” என்று சொல்லித் தப்பலாம். இருட்டிலும் காணும் கண்ணைப் பெற்றவனுக்கு அந்தச் சாட்டு இல்லை.

நம் முற்றத்து லாந்தர் இருளை விலக்கியது; வருபவன் முகத்தையும் காட்டியது. வந்தவன் உறவினனா அயலவனா என்று பார்த்து, “வாருங்கள்” என்று அழைத்தோம். வானத்து லாந்தர் சூட்டைக் காட்டுகிறது, முகத்தைக் காட்டவில்லை. அந்த வேறுபாட்டை மறவாதிருப்போமாக!